எஸ் அடியில் இருந்த புள்ளி எங்கே போயிற்று? (ரோமன் ஒலிபெயர்ப்பும் தமிழ் மேலெண்ணும்)

தாளடி | 4 பிப்ரவரி, காலை 10:12

ஸ்தோத்திரப் புத்தகம், 180 பக்கம். ஒவ்வொரு சுலோகமும் மூன்று முறை வரும்: நாகரியில், அதன் கீழே ரோமனில், அதற்கும் கீழே மேலெண் (ஒலி வேறுபாடு காட்ட எழுத்தின் தலையில் போடும் ² ³ ⁴) போட்ட தமிழில். மூலம் வேர்டு கோப்பு, பக்கம் அமைக்கும் மென்பொருளான இன்டிசைனில் கொட்டியாயிற்று. ரோமன் வரியில்தான் தகராறு. மேல்கோடு போட்ட ஏ, ஐ, யூ ஒழுங்காக இருக்கின்றன. அடிப்புள்ளி எஸ், என் இரண்டும் பக்கத்து எழுத்தைவிடக் கொஞ்சம் தடிமனாக, வேறு ஃபாண்ட் மாதிரி. சில அத்தியாயங்களில் புள்ளி எழுத்தின் அடியில் உட்காராமல் வலதுபுறம் நகர்ந்து அடுத்த எழுத்தின் காலடியில் கிடக்கிறது. கடைசி மூன்று அத்தியாயங்களில் க்ருஷ்ண என்று வரவேண்டிய இடத்தில் வளையம் போட்ட ஏ, டில்டா போட்ட என், இருபுள்ளி போட்ட ஈ.

ஃபாண்ட் மட்டம் என்பது என் முடிவு. எந்த ஃபாண்ட் போட்டால் மொத்தமும் தீரும்?

கோர்ப்பாளன் | 4 பிப்ரவரி, காலை 11:30

எதைப் போட்டாலும் மொத்தமும் தீராது. நீங்கள் சொன்னது மூன்று தனித்தனி நோய், அதில் ஒன்றுதான் ஃபாண்ட்.

தடிமனாகத் தெரிவது: உங்கள் ஃபாண்டில் அந்த எழுத்தே இல்லை, மென்பொருள் வேறு எங்கிருந்தோ எடுத்து ஒட்டுகிறது. புள்ளி நகர்வது: எழுத்து வேறு, புள்ளி வேறு என இரண்டு குறிகளாகப் பதிவாகியிருக்கிறது. வளையம் போட்ட ஏ: அது யூனிகோடே இல்லை, பழைய 8-பிட் ஃபாண்டில் அடித்த உரை.

ஃபாண்டைத் தொடுவதற்கு முன்னால் உரையைப் பாருங்கள். வேர்டில் சந்தேகமான எழுத்துக்குப் பின்னால் கர்சரை வைத்து ஆல்ட்+எக்ஸ் அழுத்தினால் எழுத்து போய் அதன் எண் வரும். அடிப்புள்ளி எஸ்ஸுக்கு 0323 என்று வந்து, அதற்கு முன்னால் வெறும் எஸ் நின்றால் அது ஒட்டுக்குறி. 1-இல் தொடங்கும் நாலிலக்க எண் வந்து எஸ் காணாமல் போனால் அது முழு எழுத்து. பார்த்தபின் கண்ட்ரோல்+இஸட் போட்டுத் திரும்புங்கள். மறுபடி ஆல்ட்+எக்ஸ் அடித்துத் திருப்பாதீர்கள். அந்த எண் பதினாறடிமானம். முன்னால் ஏ முதல் எஃப் வரை ஏதாவது எழுத்து இருந்தால் அதையும் எண்ணின் பகுதி என்று விழுங்கிவிடும். சமஸ்கிருதத்தில் பல எழுத்துகளுக்கு முன்னால் ஏ நிற்கும் என்பதால் இது அடிக்கடி நடக்கும்.

இனி எண்களைத் தசமத்தில் எழுதுகிறேன். இங்கே எழுத்தையே ஒட்டினால் உங்கள் திரை எதைக் காட்டும் என்பதற்கு உத்தரவாதமில்லை, பேசுவதே அதைப் பற்றித்தான். வலைப்பக்கத்தில் முன்னால் &#, பின்னால் ; சேர்த்தால் எழுத்து வந்துவிடும். அடிப்புள்ளி எஸ் 7779, சாய்கோடு எஸ் 347, அடிப்புள்ளி ஆர் 7771, மேல்கோடு ஏ 257, அடிப்புள்ளி எம் 7747, அடிப்புள்ளி ஹெச் 7717.

கோர்ப்பாளன் | 4 பிப்ரவரி, மதியம் 12:05

புள்ளி நகர்வதற்கான மருந்து: இன்டிசைனில் கொட்டும் முன்பே உரை முழுவதையும் என்எஃப்சி (எழுத்தையும் குறியையும் சேர்த்து எழுதும் யூனிகோடு முறை) வடிவத்துக்கு மாற்றுங்கள். எஸ்ஸும் தனிப்புள்ளியும் (803) சேர்ந்து 7779 என்ற ஒரே எழுத்தாகிவிடும். பைத்தானில் யூனிகோடுடேட்டா தொகுப்பில் நார்மலைஸ் என்ற ஒரே செயல்கூறு போதும்.

என்எஃப்கேசி என்று ஒன்று பக்கத்திலேயே இருக்கும், அதைத் தொடக்கூடாது. அது மேலெண்களைச் சாதாரண எண்ணாக்கிவிடும். தமிழ் வரியில் ப⁴ இருந்த இடமெல்லாம் ப4 என்று நிற்கும். அதன்பிறகு எது மேலெண், எது சுலோக எண் என்று பிரிக்க முடியாது.

இதே கோப்பை லிப்ரே ஆபீஸில் திறந்து “இங்கே சரியாக இருக்கிறதே” என்று சொல்வீர்கள். அங்குள்ள ஹார்ஃப்பஸ் வரைவி எழுத்தும் புள்ளியும் தனித்தனியாக வந்தாலும், ஃபாண்டில் முழு எழுத்து இருந்தால் அதைத் தேடி எடுத்துக்கொள்ளும். கண்ணுக்குச் சரியாகத் தெரிவது உரை சரி என்பதற்குச் சாட்சியல்ல.

மேல்கோடு | 4 பிப்ரவரி, மாலை 6:48

நாகரியையும் சேர்த்து என்எஃப்சியில் போட்டால் நுக்தா (அடியில் புள்ளி இட்ட) எழுத்துகள் சேர்வதற்குப் பதில் பிரியும், ஏழெட்டு எழுத்துகளுக்கு விதி அப்படி. சமஸ்கிருத ஸ்தோத்திரத்தில் நுக்தாவுக்கு வேலை இல்லை என்பதால் கவலை வேண்டாம். இந்தி உரை கலந்திருந்தால் அதை விலக்கிவையுங்கள்.

ஒட்டுக்குறிகளின் வரிசையும் என்எஃப்சியில் சீராகும். நெடில் ஆர் எழுத்தைச் சிலர் ஆர், மேல்கோடு, அடிப்புள்ளி என்று அடிப்பார்கள், சிலர் ஆர், அடிப்புள்ளி, மேல்கோடு என்று. இரண்டும் 7773 ஆகிவிடும். அதன்பிறகுதான் தேடல் நம்பகமாக வேலை செய்யும்.

தாளடி | 5 பிப்ரவரி, காலை 9:20

என்எஃப்சி போட்டேன், நகர்ந்த புள்ளிகளில் பெரும்பாலானவை உட்கார்ந்துவிட்டன. ஆனால் முன்னுரையில் மட்டும் க்ருஷ்ணவின் ஆர் அடியில் புள்ளிக்குப் பதில் குட்டி வட்டம், அதுவும் நகர்ந்தே நிற்கிறது. என்எஃப்சி அதைத் தொடவே இல்லை.

மேல்கோடு | 5 பிப்ரவரி, காலை 9:55

தொடாது. ரோமன் ஒலிபெயர்ப்புக்கு இரண்டு முறைகள் உண்டு: முன்னுரை எழுதியவர் ஐஎஸ்ஓ 15919 முறையில் எழுதியிருக்கிறார், சுலோகங்கள் ஐஏஎஸ்டி முறையில். 2001-இல் வந்த ஐஎஸ்ஓவில் குறில் ருகாரத்துக்கு அடிப்புள்ளி கிடையாது, அடிவளையம் (805). ஆர்+அடிவளையம் சேர்ந்த முழு எழுத்து யூனிகோடில் இல்லை, இனி வரப்போவதும் இல்லை: சேர்க்கை விதிகள் யூனிகோடு 3.1 பதிப்போடு உறைந்துவிட்டன. ஆகவே அது எப்போதும் இரண்டு குறிதான். ஃபாண்டுக்குள் எந்த எழுத்தில் குறி எங்கே ஒட்டவேண்டும் என்ற நங்கூரப் புள்ளி இருந்தால்தான் சரியாக உட்காரும். இது அசல் ஃபாண்ட் பிரச்சினை.

ஒரே புத்தகத்தில் இரண்டு முறை வேண்டாம், ஒன்றுக்கு மாற்றுங்கள். அடிவளையம் → அடிப்புள்ளி, மேல்புள்ளி எம் (7745) → அடிப்புள்ளி எம் (7747). மேல்கோடு ஈ, ஓ இரண்டின் மேல்கோட்டையும் எடுத்துவிடுங்கள். ஐஏஎஸ்டியில் ஏகார ஓகாரத்துக்கு மேல்கோடு இல்லை.

கண்ணை மூடிக்கொண்டு செய்யக்கூடாத இடம் எல். ஐஎஸ்ஓவில் அடிப்புள்ளி எல் என்பது ள, அடிவளைய எல் என்பது க்லுப்தவில் வரும் உயிர். ஐஏஎஸ்டிக்கு மாற்றினால் இரண்டும் அடிப்புள்ளி எல் ஆகிவிடும். முன்னுரையில் தமிழ்ப் பெயர்கள் இருந்தால் அவற்றின் ள-வும் இந்தக் கும்பலில் கலக்கும். மேல்கோட்டை எடுக்கும்போதும் அதே எச்சரிக்கை: தமிழ்ப் பெயரில் எ-வையும் ஏ-வையும் பிரித்துக் காட்டுவது அந்த மேல்கோடு மட்டும்தான்.

கோர்ப்பாளன் | 5 பிப்ரவரி, காலை 10:40

ஐஎஸ்ஓவையே வைத்துக்கொள்வதென்றால் இன்டிசைனில் பத்தி பேனலின் மெனுவில் வேர்ல்ட்-ரெடி பாராகிராஃப் கம்போசர் (இந்திய எழுத்துகளையும் கையாளும் வரி அமைப்பி) தேர்ந்திருக்கிறதா பாருங்கள். தமிழ் வரிகளின் பத்தி நடையில் அது இருக்கும், இல்லாவிட்டால் கொம்பெல்லாம் தாறுமாறாக நின்றிருக்கும். ரோமன் வரிக்கென்று தனியாக உருவாக்கிய பத்தி நடையில் பழைய கம்போசரே உட்கார்ந்திருக்கும், யாரும் கவனிப்பதில்லை. ஒட்டுக்குறி அதில் சரியாக ஒட்டாது.

வேத சுரம் போட்ட ரோமனுக்கும் இதே கதிதான். மேல்கோட்டுக்கு மேலே உதாத்தச் சாய்கோடு: ரோமன் ஈ, ஓ இரண்டுக்கும் முழு எழுத்து உண்டு, ஏ, ஐ, யூ மூன்றுக்கும் இல்லை. சந்திரபிந்து எம்முக்கும் (784) இல்லை. ஸ்தோத்திரப் புத்தகம் என்பதால் தப்பித்தீர்கள்.

தாளடி | 5 பிப்ரவரி, மாலை 4:15

ஐஏஎஸ்டிக்கே மாற்றிவிட்டேன். கடைசி மூன்று அத்தியாயங்கள்?

கோர்ப்பாளன் | 5 பிப்ரவரி, மாலை 5:02

வளையம் போட்ட ஏ, டில்டா என், இருபுள்ளி ஈ என்றால் பலராம் என்ற பழைய 8-பிட் ஃபாண்ட் வகைப் பதிவு. பழைய காலத்தில் 256 இடம்தான். ஐரோப்பிய உச்சரிப்புக் குறி எழுத்துகள் இருந்த இடங்களில் சமஸ்கிருத எழுத்தை வரைந்து வைத்தார்கள். இருபுள்ளி ஏ = மேல்கோடு ஏ. சாய்கோடு ஈ = மேல்கோடு ஐ. வளைய ஏ = அடிப்புள்ளி ஆர். செடில்லா சி = சாய்கோடு எஸ். டில்டா என் = அடிப்புள்ளி எஸ். இருபுள்ளி ஈ = அடிப்புள்ளி என். இருபுள்ளி ஐ = டில்டா என்.

இதில் கண்ணி எங்கே என்று பாருங்கள். டில்டா என் இரண்டு பக்கமும் இருக்கிறது. பழைய உரையில் அது ஷகாரம், புதிய உரையில் ஞகாரம். முதலில் இருபுள்ளி ஐ-யை டில்டா என் ஆக்கிவிட்டு, பிறகு டில்டா என்-ஐ அடிப்புள்ளி எஸ் ஆக்கினால் ஞகாரம் மொத்தமும் ஷகாரமாகிவிடும், ஜ்ஞானம் ஜ்ஷானமாகும். ஷகாரத்தை முதலில் மாற்றி முடியுங்கள், ஞகாரம் அதற்குப் பிறகு. ஒரே ஓட்டத்தில் எழுத்துக்கு எழுத்து மாற்றும் நிரல் எழுதினால் வரிசைப் பிரச்சினையே எழாது. கையால் தேடி மாற்றுகிறவர்களுக்குத்தான் இந்த எச்சரிக்கை.

வேர்டில் தேடும்போது “பெரிய எழுத்து, சிறிய எழுத்து பொருந்தவேண்டும்” என்ற கட்டத்தையும் டிக் செய்யுங்கள்.

மெய்ப்புக்காரி | 5 பிப்ரவரி, இரவு 8:31

கோர்ப்பாளன் சொன்னதில் ஒரு திருத்தம். கோப்பு முழுவதற்கும் இந்த மாற்றத்தை ஓட்டக்கூடாது. அந்த அத்தியாயங்களில் ஆங்கிலக் குறிப்பும் இருந்தால் ஜெர்மன் அறிஞர்கள் பெயர் வராமல் போகாது. பியூலர் பெயரின் இருபுள்ளி யூ மேல்கோடு யூ ஆகும். போய்ட்லிங்க் பெயரின் இருபுள்ளி ஓ, அதே பதிவில் மூர்த்தன்ய டகரம்! அகராதி போட்ட மனிதர், அவர் பெயரையே வாசிக்க முடியாமல் செய்துவிடுவோம்.

வேர்டின் தேடல் பெட்டியில் வடிவம் → ஃபாண்ட் என்று போய் அந்தப் பழைய ஃபாண்டைத் தேர்ந்தெடுங்கள், அந்த ஃபாண்டில் உள்ள உரையில் மட்டும் மாற்றம் நடக்கும். இதனால்தான் யாராவது “முதலில் எல்லாவற்றையும் ஒரே ஃபாண்டுக்கு மாற்றிவிட்டுப் பிறகு பார்க்கலாம்” என்றால் எனக்குக் கோபம் வரும். ஃபாண்ட் பெயர்தான் எது சமஸ்கிருதம், எது ஜெர்மன் என்று சொல்லும் ஒரே தடயம். அதை அழித்துவிட்டால் கண்ணால் ஒவ்வொன்றாகப் பார்க்கவேண்டும்.

கோர்ப்பாளன் | 5 பிப்ரவரி, இரவு 9:10

சரியான திருத்தம். அதோடு: தேடினால் ஒன்றுமே அகப்படவில்லை என்றால் அந்தப் பழைய ஃபாண்ட் குறியீட்டு ஃபாண்டாக அடையாளம் போடப்பட்டிருக்கும். அப்போது வேர்டு அந்த எழுத்துகளைத் தனிப்பயன் பகுதியில், 61440 முதல் 61695 வரை வைத்திருக்கும். 61440-ஐக் கழித்தால் பழைய 8-பிட் எண் கிடைக்கும், அதிலிருந்து மாற்றுங்கள்.

தாளடி | 7 பிப்ரவரி, காலை 11:44

மூன்று அத்தியாயமும் வந்துவிட்டது, போய்ட்லிங்க்கும் உயிரோடு இருக்கிறார். பாக்கி அந்தத் தடிமன் எஸ்ஸும் என்னும். இப்போதாவது ஃபாண்ட் பெயர் சொல்வீர்களா?

கோர்ப்பாளன் | 7 பிப்ரவரி, மதியம் 1:20

இப்போது கேட்கலாம். ஜென்டியம் பிளஸ், சாரிஸ், நோட்டோ செரிஃப், லிபர்டினஸ் செரிஃப், எல்லாம் இலவசம். நாகரியும் ரோமனும் ஒரே கையெழுத்தில் வேண்டுமென்றால் ஐஐடி பம்பாயிலிருந்து வந்த ஷோபிகா, அல்லது டீரோ தேவநாகரி சான்ஸ்கிரிட். டைம்ஸ் நியூ ரோமனின் புதிய பதிப்புகளிலும் ஐஏஎஸ்டி எழுத்துகள் இருக்கின்றன. பழைய கணினியில் உள்ள அதே பெயர் ஃபாண்டில் இருக்காது, அதனால் “என்னிடம் சரியாக இருந்ததே” சண்டை வரும்.

தேர்ந்தெடுக்கும் முன் சோதனை வரி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். நான் போடுவது ரோமனில் க்ருஷ்ண, ஜ்ஞான, பித்ரூன், க்லுப்த, து:க, ஸம்ஸ்க்ருத, தீர்த்த, க்ருஹ. பித்ரூன் நெடில் ருகாரத்துக்கு. க்லுப்த அந்த அபூர்வ உயிருக்கு. இதே வரியை நேர், சாய்வு, தடிமன், தடிமன்சாய்வு நாலிலும் பாருங்கள். நேரில் எல்லா எழுத்தும் இருந்து சாய்வில் பாதி இல்லாத ஃபாண்ட் நிறைய. ஒலிபெயர்ப்பைச் சாய்வில் போடுவதுதான் வழக்கம் என்பதால் நேரில் பார்த்துத் திருப்தி அடைவது வீண். ஜென்டியம் பிளஸ்ஸில் 6-ஆம் பதிப்புக்கு முன்னால் தடிமன் கிடையாது. பழைய பதிப்பு வைத்திருந்தால் வேர்டு தானே பொய்த்தடிமன் செய்து தரும், புள்ளி வீங்கிப்போகும்.

பிறகு அதே வரியை முழுக்கப் பெரிய எழுத்தில். சொல்லின் முதலில் வராத எழுத்துகளின் பெரிய வடிவத்தை விட்டுவிடும் ஃபாண்ட்கள் உண்டு. விசர்க்க ஹெச், அனுஸ்வார எம் இரண்டும் சொல்லைத் தொடங்காது, ஆனால் தலைப்பைப் பெரிய எழுத்தில் போட்டால் 7716, 7746 கட்டாயம் வேண்டும். சின்னப் பெரிய எழுத்து நடை போடுபவர்கள் இன்னும் கவனமாக: வெறும் 26 எழுத்துக்கு மட்டும் அந்த வடிவம் வரைந்துவிட்டு நிறுத்தியிருப்பார்கள். சொல்லின் நடுவில் அடிப்புள்ளி எஸ் மட்டும் சிறிய எழுத்தாக நிற்கும்.

தீர்த்த எதற்கு என்றால், பெரிய டீக்குப் பின்னால் ஐ வந்தால் இடைவெளியை ஒடுக்கும் ஃபாண்ட்களில் மேல்கோடு போட்ட ஐ-யையும் அதே அளவு ஒடுக்கிவிடுவார்கள். மேல்கோடு டீயின் கையில் இடிக்கும். க்ருஹ சாய்வில்: ஜி-யின் வால் ஆர் அடிப்புள்ளியில் உரசுகிறதா என்று பார்க்க.

மேல்கோடு | 7 பிப்ரவரி, மாலை 3:02

ஃபாண்டில் இல்லாத எழுத்துக்கு இன்டிசைன் பெரும்பாலும் கட்டம் காட்டும், அல்லது இளஞ்சிவப்பு பூசும். வேர்டும் லிப்ரே ஆபீஸும் சத்தமில்லாமல் வேறு ஃபாண்டை எடுத்து ஒட்டும். கண்டுபிடிக்க எளிய வழி: பிடிஎஃப் எடுத்து அதன் பண்புகளில் ஃபாண்ட் பட்டியலைப் பாருங்கள். நீங்கள் தேர்ந்தெடுக்காத பெயர் ஏதாவது அங்கே இருந்தால் எங்கோ ஓர் எழுத்து இரவல் வாங்கப்பட்டிருக்கிறது. கட்டளை வரியில் பழக்கம் இருந்தால் பாப்ளர் தொகுப்பின் பிடிஎஃப்ஃபாண்ட்ஸ் அதே பட்டியலை ஒரு நொடியில் தரும்.

ஸீடெக், லுவாடெக் (டெக் வகை அச்சுக்கோப்பு மென்பொருள்கள்) ஆட்களுக்கு: இல்லாத எழுத்தை அது தானாக இரவல் வாங்காது. பல நேரம் எழுத்து அப்படியே மறைந்துவிடும். பதிவுக் கோப்பில் ஒரு வரி மட்டும் எழுதிவைக்கும், அதை யாரும் படிப்பதில்லை. டிரேசிங்லாஸ்ட்கேர்ஸ் அளவை 3 ஆக்கினால் பிழை என்று நின்றுவிடும் (டெக் லைவ் 2021 முதல்). புத்தகம் என்றால் 3-இல் வைத்தே ஓட்டுங்கள்.

தாளடி | 7 பிப்ரவரி, மாலை 5:37

பட்டியலில் மூன்று இரவல் பெயர். ஃபாண்டை மாற்றினேன், ஒன்றாகக் குறைந்தது. அந்த ஒன்று எங்கே என்று தேடியதில் ஓர் இடத்தில் அடிப்புள்ளி எஸ்ஸுக்குப் பதிலாக 351.

மெய்ப்புக்காரி | 7 பிப்ரவரி, மாலை 6:15

351 துருக்கிய செடில்லா எஸ். சின்ன அளவில் பார்த்தால் அடிப்புள்ளி மாதிரியே தெரியும். மெய்ப்பில் இதைக் கண்ணால் பிடிக்க முடியாது, 300 சதவிகிதம் பெரிதாக்கினாலும் தூக்கக் கலக்கத்தில் விட்டுவிடுவீர்கள். ரோமன் வரிகளில் வந்திருக்கும் எழுத்துகளை மட்டும் பிரித்து, எத்தனை வகை, ஒவ்வொன்றும் எத்தனை முறை என்று ஒரு பட்டியல் எடுங்கள். ஐஏஎஸ்டிக்கு 26 ரோமன் எழுத்துக்கு மேல் தேவைப்படும் சிறிய எழுத்துகள் பதினாறு பதினேழுதான். அதற்கு வெளியே ஒன்று வந்தால் அது பிழை. செடில்லா எஸ், டில்டா ஏ (227), அடியில் கோடு போட்ட ஹெச் மூன்றும் அடிக்கடி அகப்படும்.

அவக்கிரகத்தையும் (அகரம் மறைந்ததைக் காட்டும் குறி) பாருங்கள். ரோமனில் அதற்கு மேற்கொக்கி போடுவது வழக்கம். ஸோ’ஹம் என்பதைப் பிரித்து, இடம் விட்டு எழுதினால் வேர்டு அதைத் திறக்கும் மேற்கோளாக்கிவிடும். வேண்டியது மூடும் வடிவம், 8217.

தாளடி | 9 பிப்ரவரி, காலை 8:50

ரோமன் முடிந்தது. தமிழ் வரியில் பிரச்சினை இல்லை என்று நினைத்திருந்தேன். அச்சுப்படி எடுத்துப் பார்த்தால் ² ³ இரண்டும் ஒரு அளவு, ⁴ மட்டும் ஒல்லியாக, மேலே ஏறி நிற்கிறது. பேசாமல் எல்லாவற்றையும் சாதாரண எண்ணாக்கி, மேலெண் வடிவம் கொடுத்துவிடலாமா?

மெய்ப்புக்காரி | 9 பிப்ரவரி, காலை 9:33

வேண்டாம். வடிவம் கொடுத்த எண் கோப்புக்குள் இருக்கும்வரை அழகு. யாராவது வலைப்பக்கத்துக்கோ மின்னூலுக்கோ வெறும் உரையாக எடுத்த அன்றைக்கு பு³த்³த⁴ என்பது பு3த்3த4 ஆகிவிடும்.

⁴ ஒல்லியாக இருப்பதற்குக் காரணம் வரலாறு. ² ³ இரண்டும் (178, 179) லத்தீன்-1 தொகுதியில் பழைய காலம் முதலே இருப்பவை, ஏறக்குறைய எல்லா ஃபாண்டிலும் உண்டு. ⁴ (8308) வேறு தொகுதி. பல தமிழ் ஃபாண்ட்களில் இல்லை, இரவல் வருகிறது. மூன்றையும் ஒரே ஃபாண்டிலிருந்து எடுங்கள். இன்டிசைனில் தமிழ் சுலோகப் பத்தி நடைக்குள் கிரெப் (எழுத்துக் கோலத்தைத் தேடிப் பிடிக்கும் முறை) நடை ஒன்று போட்டு, [²³⁴] கண்ட இடத்தில் ஓர் எழுத்து நடை விழும்படி செய்தால் போதும். அந்த எழுத்து நடையில் மூன்றும் உள்ள ஃபாண்ட், தேவையானால் அடிக்கோட்டு நகர்வு. கீழெண் முறையில் போடுபவர்களுக்கு ₂₃₄ மூன்றும் ஒரே தொகுதியில் (8322–8324) இருப்பதால், இருந்தால் மூன்றும் இருக்கும், இல்லாவிட்டால் மூன்றும் இருக்காது. அதனாலேயே எனக்குக் கீழெண் பிடிக்கும். வாசகர்களுக்கு மேலெண்தான் பழக்கம், விட்டுவிடுவோம்.

மெய்ப்புக்காரி | 9 பிப்ரவரி, காலை 10:20

எண் எங்கே வரவேண்டும் என்பதையும் பார்த்துவிடுங்கள். மெய், அதன் உயிர்க்குறி அல்லது புள்ளி, அதற்குப் பிறகு எண்: கோ³விந்த³, த்³. பழைய அச்சில் மெய்யை ஒட்டி எண் வைத்து, துணைக்காலை அதற்கும் பின்னால் வைத்திருப்பார்கள். அதைப் பார்த்து அப்படியே தட்டச்சு செய்தால் துணைக்கால் அநாதையாகி, புள்ளிவட்டத்தோடு நிற்கும். திருத்த கிரெப் போதும்: எண்ணை முதல் குழுவாகவும் அதற்குப் பின்னால் வரும் உயிர்க்குறியையோ புள்ளியையோ இரண்டாம் குழுவாகவும் பிடித்து, $2$1 என்று இடம் மாற்றுங்கள். மாற்றியபின் ஏகாரக் கொம்பும் துணைக்காலும் தனித்தனிக் குறிகளாகப் பக்கத்தில் நிற்கும். ஓகாரம் என்ற ஒரே குறியாக்க மறுபடி என்எஃப்சி வேண்டும். இடமாற்றம் முதலில், என்எஃப்சி பிறகு. தலைகீழாகச் செய்தால் நடுவில் எண் நிற்பதால் ஒன்றும் சேராது.

இன்னொன்று கண்ணுக்கே தெரியாதது. கௌ³ரீ என்று இருக்கவேண்டியதைக் கொம்பு போட்டு ள அடித்து கெள³ரீ என்று வைத்திருப்பார்கள். அச்சில் இரண்டும் அநேகமாக ஒன்றுதான். இதற்கு ஓர் எளிய சோதனை: சமஸ்கிருதத்தில் எகர ஒகரக் குறில் கிடையாது. ஆகவே என்எஃப்சி போட்டபின் சுலோக வரிகளில் ஒற்றைக்கொம்பையோ ஒகரக் குறியையோ தேடுங்கள். வரும் ஒவ்வொன்றும் தட்டச்சுப் பிழை. ஒன்று கௌ தவறாக விழுந்தது, இல்லையென்றால் ஏகாரமோ ஓகாரமோ குறிலானது. ழ, ற இரண்டையும் அதே ஓட்டத்தில் தேடிவிடலாம்.

தாளடி | 9 பிப்ரவரி, மதியம் 2:08

தேடி ஒட்டுமொத்தமாக மாற்றிவிட்டேன். இப்போது உரை விளக்கத்தில் புள்ளிவட்டங்கள் முளைத்திருக்கின்றன.

மெய்ப்புக்காரி | 9 பிப்ரவரி, மதியம் 2:15

சுலோக வரிகளில் என்றேன்! விளக்கம் தமிழ். அங்கே தெளிவு, வெளி, கெளுத்தி எல்லாம் நியாயமான கொம்பும் ள-வும். தெளிவையே உடைத்துவிட்டீர்கள். பின்வாங்கி, தேடலில் பத்தி நடையைக் குறிப்பிட்டு மறுபடி செய்யுங்கள்.

கோர்ப்பாளன் | 9 பிப்ரவரி, மாலை 4:40

கெளுத்திக்கு சுலோக விளக்கத்தில் என்ன வேலை என்று கேட்கமாட்டேன். மத்ஸ்யாவதாரமாக இருக்கலாம்.

ஸ்ரீ பற்றி யாரும் சொல்லவில்லையே. அதை இரண்டு விதமாக அடிக்கலாம்: ஸ (3000) போட்டு, அல்லது ஶ (2998) போட்டு. ஶ யூனிகோடில் சேர்ந்தது 2005-இல், 4.1 பதிப்பில், அதற்கு முந்தைய உரையெல்லாம் ஸ-வில்தான் இருக்கும். பெரும்பாலான ஃபாண்டில் இரண்டும் ஒரே கூட்டெழுத்தாகத் தெரியும், தேடலும் பொருளடைவும் மட்டும் இரண்டாகப் பிரித்துப் பார்க்கும். ஸ்ரீ தொடங்கும் பதிவுகள் பொருளடைவில் இரண்டு இடத்தில் வந்தால் காரணம் இதுதான். ஏதாவது ஒன்றுக்கு மாற்றுங்கள். சுலோகத்தில் ஶ தனியாகவும் வருகிறது என்றால் ஶ்ரீ முறையே ஒழுங்கு. ஆனால் உங்கள் ஃபாண்ட் அதைக் கூட்டெழுத்தாக்குகிறதா என்று முதலில் பாருங்கள். சிலவற்றில் ஶ் தனியாக, ரீ தனியாக நிற்கும்.

மேல்கோடு | 9 பிப்ரவரி, இரவு 7:25

பொருளடைவில் மேலெண் சொற்களுக்கு வரிசைத் திறவுகோல் தனியாகக் கொடுக்கவேண்டும். இன்டிசைன் பொருளடைவுப் பதிவில் “இதன்படி வரிசைப்படுத்து” என்ற கட்டம் உண்டு. அதில் எண் நீக்கிய வடிவம், பு³த்³த⁴ பதிவுக்கு புத்த. ரோமன் பொருளடைவிலும் அதே கட்டத்தில் குறி நீக்கிய வடிவம் கொடுங்கள். சாய்கோடு எஸ், அடிப்புள்ளி எஸ், வெறும் எஸ் மூன்றையும் ஒன்றாகக் கலப்பதா, தனித்தனியாக வைப்பதா என்பது பதிப்பாசிரியர் முடிவு. அதை முன்பே எழுதி வாங்கிவிடுங்கள்.

மேலெண் யூனிகோடு கணக்கில் எழுத்து அல்ல என்பதால் இரட்டைக் கிளிக் செய்தால் சொல் பாதியில் வெட்டுப்படும், “முழுச் சொல் மட்டும்” தேடலும் ஏமாற்றும். கோளாறு அல்ல, அப்படித்தான். சுலோக நடைக்கு எழுத்துப்பிழைத் திருத்தியை அணைத்துவிடுங்கள்.

வரி முறிவை மறந்துவிட்டோம். ரோமனில் கே-ஹெச், ஜி-ஹெச், பி-ஹெச் போன்ற மகாப்பிராண ஜோடிகளையும் ஏ-ஐ, ஏ-யூ ஜோடிகளையும் நடுவில் உடைக்கக்கூடாது. ஆங்கில முறிவு விதி இது எதுவும் அறியாது. டெக்கில் ரோமன் ஒலிபெயர்ப்புக்கும் சேர்த்தே சமஸ்கிருத முறிவு விதி இருக்கிறது, மொழியைச் சமஸ்கிருதம் என்று மாற்றினால் போதும். இன்டிசைனில் சுலோகத்துக்கு முறிவையே அணைத்துவிட்டு, நீண்ட சமாசங்களில் மட்டும் கையால் விருப்ப முறிவுக் குறி போடுவது நல்லது.

தாளடி | 10 பிப்ரவரி, காலை 9:05

வரி முறிவு அணைத்தாயிற்று, ஸ்ரீ ஒன்றாயிற்று. ஒரு சின்னக் கேள்வி. மூல வேர்டு கோப்பில் ஓரிடத்தில் சிரிக்கும் முகம் இருக்கிறது. நாமாவளியின் நடுவில்.

மெய்ப்புக்காரி | 10 பிப்ரவரி, காலை 9:11

விசர்க்கத்துக்கு முக்காற்புள்ளி அடித்து, அதை அடைப்புக்குறிக்குள் வைத்து, நம: முடிந்தவுடன் அடைப்பை மூடியிருப்பார்கள். முக்காற்புள்ளியும் மூடும் அடைப்பும் சேர்ந்தால் வேர்டின் தானியங்கித் திருத்தம் சிரிக்கும் முகமாக்கிவிடும். தானியங்கித் திருத்தப் பட்டியலில் அந்தப் பதிவை நீக்குங்கள். ஒன்று இருந்தால் இன்னும் இருக்கும். அது விங்டிங்ஸ் ஃபாண்டில் உள்ள பெரிய ஜே, வெறும் உரையாக எடுத்தால் நாமாவளியில் ஜே என்று நிற்கும். விங்டிங்ஸ் என்று ஃபாண்டைக் கொடுத்துத் தேடுங்கள்.

முக்காற்புள்ளி மாதிரியே தெரியும் எழுத்துவகைக் குறி ஒன்று 42889-இல் இருக்கிறது, விசர்க்கத்துக்கு அதைப் போடலாம் என்பார்கள். தமிழ் ஃபாண்டில் அது அநேகமாக இருக்காது, மறுபடி இரவல் கதை தொடங்கும். முக்காற்புள்ளியே போதும்.

கோர்ப்பாளன் | 10 பிப்ரவரி, காலை 10:30

அச்சுக்கு அனுப்பும் முன் பிடிஎஃப்பிலிருந்து மூன்று சுலோகத்தை, மூன்று எழுத்திலும், வெறும் உரைப்பெட்டியில் ஒட்டிப் பாருங்கள். ரோமனில் 7779 திரும்ப 7779 ஆகவே வரவேண்டும். தமிழில் கோ³ உடையாமல் வரவேண்டும். பிறகு வரி இடைவெளி: வேர்டில் “துல்லியமாக” என்று வைத்திருந்தால் மேல்கோடு போட்ட பெரிய ஏ-வின் தலையும் அடிப்புள்ளியும் திரையில் வெட்டுப்படும், “குறைந்தபட்சம்” என்று மாற்றினால் சரி. தலைப்புக்கு அடிக்கோடு போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள், அடிப்புள்ளியை அது தின்றுவிடும்.

தாளடி | 11 பிப்ரவரி, மாலை 3:30

ஒட்டிப் பார்த்தேன். ரோமன் சரி, தமிழ் சரி. நாகரியில் இகரக் குறி மட்டும் எழுத்துக்கு முன்னால் வந்து விழுகிறது.

மேல்கோடு | 11 பிப்ரவரி, மாலை 4:02

பிடிஎஃப் வரைந்த வரிசையில் எழுத்தை எடுக்கிறது. அச்சுக்கு அதனால் பாதகம் இல்லை. மின்னூலும் போடுவதாக இருந்தால் பிடிஎஃப்பிலிருந்து எடுக்காதீர்கள், இன்டிசைனிலிருந்தே ஈபப் எடுங்கள். ஃபாண்டைச் சுருக்கிப் பதிக்கும்போது ரோமன் எழுத்து ஒரு கோப்பிலும் ஒட்டுக்குறி இன்னொரு கோப்பிலும் போய்விட்டால் குறி ஒட்டாது. நீங்கள் ஏற்கெனவே எல்லாவற்றையும் முழு எழுத்தாக்கிவிட்டதால் அந்தத் தொல்லை இல்லை.